தோலில் திட்டுகள் வந்திருக்கின்றன. டாக்டர் "இது பிட்டிரியாசிஸ் ரோசியா, தானாகவே போய்விடும்" என்று மருந்து தராமல் அனுப்பிவிட்டார். நம்பலாமா?

நம்பலாம், அவர் ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால். வெறுங்கையோடு திரும்பி வந்த எரிச்சல் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. "வேற டாக்டரைப் பாரு" என்று இதற்குள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

எனக்கும் வந்தது. முதலில் விலாப் பக்கம் நீள்வட்டமாக ஒரே ஒரு திட்டு. ஓரத்துக்குச் சற்று உள்ளே மெல்லிய செதில் வளையம், அதன் நுனி நடுப்பக்கம் பார்த்தபடி. பார்த்தவர்கள் எல்லாரும் படர்தாமரை என்றார்கள். சில நாள் கழித்து முதுகிலும் வயிற்றிலும் சின்னச் சின்னதாகக் கிளம்பின.

தோல் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்தி முதுகைப் பார்த்தார். முதல் திட்டு எங்கே, எப்போது வந்தது என்று கேட்டார். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்த்தார். செதிலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்து, பூஞ்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயும் இதே மாதிரி திட்டுகளைக் காட்டும் என்று அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. (உங்களுக்கும் எழுதினால் சங்கடப்படாதீர்கள், அது உங்கள் நடத்தை மேல் சந்தேகம் இல்லை.) எல்லாம் முடிந்த பிறகுதான் பெயரைச் சொன்னார்: பிட்டிரியாசிஸ் ரோசியா. 1860லேயே ஜிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தப் பெயரை வைத்துவிட்டார். பொதுவாக 6 முதல் 8 வாரம், சிலருக்கு 3 மாதம் வரை இருந்துவிட்டுப் போகும்.

இவ்வளவு வேலை செய்த ஒருவரைத்தான் "ஒரு களிம்புகூட எழுதல, என்ன டாக்டர்?" என்று என் சொந்தக்காரர்கள் பேசினார்கள். இன்னும் கோபம் வருகிறது. ஹெர்பிஸ் குடும்பத்தில் 6, 7 என்று எண்ணிட்ட வைரஸ்கள் பலர் உடம்பில் சிறுவயதிலிருந்தே தூங்கிக்கொண்டிருக்கும். அவை மறுபடி விழிப்பதுதான் காரணம் என்று பலமான சந்தேகம் உண்டு. அப்படியென்றால், நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றை அடக்கியதும் தோலில் இருக்கும் அழற்சியும் அடங்கிவிடும். அதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்த வாரங்கள். ஆறாவது வாரத்தில் யார் எதைத் தடவினாலும் "கேட்கும்". பெயரும் அவருக்கே போகும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சண்டைக்கு வராதீர்கள். அரிப்பு இருந்தால் அதற்கு மருந்து உண்டு, எனக்கும் பிறகு கொடுத்தார். பரவல் அதிகமாக இருந்தால் தொடக்கத்திலேயே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் மறுப்பது, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பை யார் சொன்னாலும் வாங்கித் தேய்ப்பதை. உண்மையிலேயே படர்தாமரையாக இருந்தால், அந்த ஸ்டீராய்டு அதை உருமாற்றிப் பரப்பிவிடும்.

ஒன்று எழுதியே ஆக வேண்டும். உறவினர் ஒருவர் என் முதுகைப் படம் எடுத்து, கேட்காமலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். "ஒட்டிக்குமா, குழந்தைகளைத் தூக்கலாமா" என்று என்னிடம் கேட்காமல் அங்கே கேட்டார்கள். அக்கறை என்கிறார்கள். ஒருவர் உடம்பைப் படம் எடுத்துச் சுற்றுக்கு விடுவது எந்த வகையிலும் அக்கறை ஆகாது. இத்தனைக்கும் இது சாதாரணமாகத் தொட்டுப் பழகுவதால் பரவுகிற நோயே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை வாரம் ஆகும், எது தெரிந்தால் திரும்பி வர வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மாநிறம், கருப்புத் தோல் என்றால் திட்டு போன பிறகும் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும். நோய் மிச்சமிருக்கிறது என்று பயந்து எதையும் தேய்க்காதீர்கள். தானாகச் சரியாகும் நோய் எல்லாமே சாதுவானவை என்றும் நினைக்காதீர்கள்: டெங்கு பெரும்பாலும் தானாகவே குணமாகும், ஆனால் காய்ச்சல் இறங்கும் அந்த 24–48 மணி நேரத்தில்தான் ஆபத்தும் வரும். உங்கள் திட்டு 3 மாதம் தாண்டினாலோ, உள்ளங்கையில் வந்தாலோ மறுபடி காட்டுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால், குறிப்பாக முதல் 15 வாரங்களுக்குள், மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.