மூன்று லட்சத்துக்கு ஒரு மத்தியானத் தூக்கம்

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

(நாகர்கோவிலில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் நம் டீச்சர். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு விளையாட்டு ரிசார்ட்டில் மகனோடு மூன்று வாரம் தங்கியதைச் சென்ற இதழில் போகிற போக்கில் சொல்லியிருந்தார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.)

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட அளவில் நீச்சலில் இரண்டு பதக்கம் வாங்கியிருக்கிறாள். மத்தியதரைக் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு வாரப் பயிற்சி முகாம், எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்கிறார் ஒருவர். நகையை அடகு வைத்தாவது அனுப்பலாமா?
– ஒரு தகப்பன், கருங்கல்

நகையைப் பெட்டியிலேயே வையுங்கள் அண்ணாச்சி.

அந்த ஊருக்கு ஆட்கள் எதற்குப் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். என் மகன் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இருக்கிறான். மார்ச் மாதக் காலையில் சைக்கிளை எடுத்தால் அங்கே விரல் மரத்துப்போகும். விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் மயோர்க்கா. அங்கே நல்ல வெயில், பகலில் பதினேழு பதினெட்டு டிகிரி. கால்பந்து அணிகளுக்கும் இதே கதைதான். துருக்கியில் அந்தாலியா பக்கத்து பெலெக்குக்கு ஜனவரி ஆனால் வரிசையாக வந்து இறங்குவார்கள். ஸ்பெயினில் லா மங்கா இன்னொரு இடம். 1998 உலகக் கோப்பைக்கு முன்னால் இங்கிலாந்து அணி அங்கேதான் தங்கியிருந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் பால் காஸ்கோய்னுக்கு அணியில் இடமில்லை என்று சொன்னதும் அங்கே வைத்துத்தான், பாவம்.

எல்லாருமே குளிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள். கருங்கல்லில் உங்கள் மகளை எந்தக் குளிர் விரட்டுகிறது?

சரி, நான் தங்கிய மயோர்க்கா ரிசார்ட்டில் அப்படி என்னதான் இருந்தது? 50 மீட்டர் நீச்சல்குளம், திறந்தவெளியில், சூடாக்கிய தண்ணீர். காலை ஆறேமுக்காலுக்குப் போனால் தண்ணீர் மேல் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி பறக்கும். எட்டு லேனிலும் பிள்ளைகள். கம்பளித் தொப்பி போட்ட கோச், கையில் ஸ்டாப்வாட்ச். அவர்கள் நீந்தியதில் நான் பார்க்காத வித்தை ஒன்றும் இல்லை. கையில் அதே கிக்போர்டு, அதே ஆயிரம் மீட்டர், அதே திட்டு.

மீதி நேரம்தான் வேறு. குளத்திலிருந்து அறைக்கு எண்பது அடி. சமையல் யாரோ செய்கிறார்கள், துணி யாரோ துவைக்கிறார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டிலிருந்து நாலு வரை அந்த வராந்தாவில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளைத் தவிர ஒரு மனுஷ வாடை கிடையாது. அத்தனை பேரும் தூங்குகிறார்கள். நாலரைக்கு மறுபடியும் தண்ணீர்.

உங்கள் மகள் ஐந்து மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து வந்து நீந்திவிட்டு, ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போய், டியூஷனும் முடித்து ராத்திரி பத்தரைக்குப் படுக்கிறாள் என்று நினைக்கிறேன். மதியம் ஐந்தாவது பீரியடில் பெஞ்சில் தலை சாய்ந்துபோன ஒரு நீச்சல் பிள்ளையின் மண்டையில் நங்கென்று குட்டின டீச்சர் நான்தான். அந்தச் செருப்புகளைப் பார்த்த அன்றைக்கு அவள் முகம் ஞாபகம் வந்தது.

மே மாத லீவில் பதினைந்து நாள் அவளை நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் ஏதாவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டு விடுங்கள். காலையும் சாயங்காலமும் நீச்சல். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம், போன் பெரியவர்கள் கையில். சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும், நீந்திவிட்டு வந்ததும் இரண்டு மட்டிப் பழம். போகும்போது அந்த வீட்டு அத்தைக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுங்கள். மூன்று லட்சத்தில் மீதியை எண்ணிப் பாருங்கள்.

இல்லை, அனுப்பியே தீருவேன் என்றால், ‘எல்லாம் சேர்த்து’ என்றால் எது எது என்று எழுதி வாங்குங்கள். ஸ்பெயின் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பிள்ளை தனியாகப் போனால் தாய் தகப்பன் இரண்டு பேரின் சம்மதமும் கேட்பார்கள். முக்கியமாக, கோச் யார் என்று கேளுங்கள். இந்த மாதிரி இடங்களில் அறையும் லேனும் சாப்பாடும் வாடகைக்குக் கிடைக்கும். கோச்சைப் பெரும்பாலும் கிளப்புகள் தாங்களே கூட்டிக்கொண்டு வரும். கோச் இல்லாமல் போனால் அதற்குப் பெயர் டூர்.

கடல் பக்கத்திலேயே கிடக்க, குளத்தில் ஏன் நீந்துகிறார்கள்? அந்தக் கடலும் நம் கடல் மாதிரிதானா?
– கடியபட்டணம் வாசகர்

மார்ச்சில் அந்தத் தண்ணீர் 14, 15 டிகிரி. கடியபட்டணத்துக்காரர் நீங்கள், நம் கடல் வருஷம் முழுக்க எப்படி இளஞ்சூடாகக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முழங்கால் வரை இறங்கினேன். ‘எம்மோ’ என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு ஜெர்மன்காரர் உதவிக்கு ஓடி வந்தார். திறந்தவெளி நீச்சலுக்கான சர்வதேச விதிப்படி 18 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் என்கிற குளிர் தாங்கும் நீச்சல் உடை கட்டாயம், 16க்குக் கீழே போட்டியே கிடையாது. அங்கே கடல் நீச்சலுக்கு ஜூன் வரவேண்டும்.

உப்பும் கூடுதல். லிட்டருக்கு 38 கிராம் வரை வரும், நம் பக்கம் 35 கிராம் அளவுதான். அலைதான் பெரிய வித்தியாசம். அது சுற்றிலும் நிலம் அடைத்த கடல். காற்று அடித்தால் குட்டை அலையாகச் சடசடவென்று எழும்பும், காற்று நின்றால் அடங்கும். நமக்குத் தெற்கே அண்டார்ட்டிகா வரை தடுப்பே கிடையாது. எங்கோ தெற்கில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து, காற்றே இல்லாத நல்ல வெயிலில் கள்ளக்கடலாக ஏறி வரும். 2024 மே மாதம் நம் மாவட்டத்தில் அது எடுத்துக்கொண்டு போன உயிர்களை மறந்திருக்க மாட்டீர்கள். கடல் நிலையைக் கவனித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை வந்த நாளில் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

மயோர்க்காவில் சைக்கிள்காரர்கள் சொல்லும் சா கலோப்ரா மலைப்பாதையைப் பார்த்தீர்களா? நம்மூரில் அதற்கு ஈடு உண்டா?
– தடிக்காரன்கோணம்

காரில் போய்ப் பார்த்தேன், அதுவே போதும் என்றாகிவிட்டது. வழக்கமாக மலையில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே முதலில் கடலை நோக்கி இறங்க வேண்டும், திரும்ப வர அதே பாதையில் ஏற வேண்டும். வேறு சாலை கிடையாது. சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7 சதவீதம். அந்தோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் போட்ட சாலை. ஓரிடத்தில் சாலை தன்னையே சுற்றி, தன் அடியிலேயே நுழைந்து போகிறது. டை முடிச்சு என்றுதான் அந்த வளைவுக்குப் பெயர்.

நம்மூரில் அத்தனை நீளத்துக்கு அப்படி ஒரு ஏற்றம் கிடையாது தம்பி. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இருந்தே கீரிப்பாறை ரோடு இருக்கிறது. ரப்பர் தோட்ட நிழல். பத்து தடவை ஏறி இறங்குங்கள். ரப்பர் பால் வண்டி வரும், வளைவில் பார்த்து.

இப்படி ஒரு ரிசார்ட் நம் மாவட்டத்தில் வந்தால் என்ன?
– தூத்தூர் இளைஞர்

வரட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைத் தொந்தரவு பெரிதாக இல்லை, பந்து விளையாட உங்கள் ஊரை விடவா பைத்தியம் பிடித்த ஊர் வேண்டும்! ஆனால் நான் கேட்பது ரிசார்ட் அல்ல. ஒரு முறை 22 பிள்ளைகளோடு வெளி மாவட்டப் போட்டிக்குப் போனேன். ஒரு பள்ளியின் வகுப்பறையில் பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் படுக்கச் சொன்னார்கள். இருந்தது ஒரே கழிப்பறை. விடிய விடியக் கொசு. ஆறு மணிக்கு ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டம். என் பிள்ளைகளில் நாலு பேர் ஸ்டார்ட்டிங் லைனில் கொட்டாவி விட்டார்கள். மைதானத்தை ஒட்டி இருபது கட்டில், இருபது கொசுவலை, நாலு கழிப்பறை. இதைக் கட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள், ரிப்பன் வெட்ட வருகிறேன்.

என் கணவருக்கு ஓடணும், எனக்குச் சும்மா கிடக்கணும். இரண்டு பேருக்கும் அந்த இடம் ஒத்துவருமா?
– மார்த்தாண்டம்

உங்களுக்காகவே கட்டினது. அவர் ஓடிவிட்டு வரும்போது நீங்கள் சாய்வு நாற்காலியில் இரண்டாவது காப்பியில் இருப்பீர்கள். ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். வெயிலும் கூட்டமும் வாடகையும் உச்சியில் நிற்கும்.

கடைசியாக ஒன்று டீச்சர். நீங்கள் அங்கே நீந்தினீர்களா?
– குளச்சல்

நீந்தினேன். ஓரத்து லேனில், மகன் வாங்கித் தந்த தொப்பி போட்டு, 64 வயதில் நானூறு மீட்டர். பக்கத்து லேனில் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி என்னை நாலு தடவை தாண்டிப் போனாள். நாலாவது தடவை கையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் என் செருப்பும் அந்த வராந்தாவில் கிடந்தது.