உங்கள் நாக்குக்கு எந்தக் காபி? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தைச் சுற்றித்தான் வந்தன: "எனக்குப் பிடித்த காபி எது என்று எனக்கே தெரியவில்லை." நெல்லையிலோ சேலத்திலோ வீட்டில் என்ன போட்டார்களோ அதைக் குடித்தே வளர்ந்திருப்போம். சிக்கமகளூருக்கும் குடகுக்கும் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்ததும் நூறு வகை காபி கண்முன் நிற்கும்போது திகைப்பு வருவது இயல்பு. காபியை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விலையையும் பெயரையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு தம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பவருக்குத் தன் ருசி சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: ஆபீஸ் நண்பர்களோடு இந்திராநகர் கஃபேக்களுக்குப் போகிறேன். பாலில்லாத காபியைக் குடித்துவிட்டு "மல்லிகை வாசம், ஆரஞ்சு, புளூபெர்ரி" என்கிறார்கள். எனக்குக் கசப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரிகிறது. என் நாக்கில் ஏதும் குறையா சார்? (ஐடி ஊழியர், மாரத்தஹள்ளி)

ஒரு குறையும் இல்லை. மல்லிகையும் ஆரஞ்சும் நாக்கு சொல்லும் சங்கதியே அல்ல. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (தக்காளி, காளானில் வரும் சுவை) என்று சில அடிப்படைச் சுவைகள்தான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. ஒரு மிடறு காபியை வாயில் வைத்துக்கொண்டு மூக்கை இறுக்கிப் பிடியுங்கள். விழுங்கிவிட்டு விரலை எடுங்கள். அந்த நொடியில் தொண்டைப் பக்கமிருந்து மூக்குக்குள் ஏறுகிறதே ஒரு வாசம், நண்பர்கள் பேசுவது அதைப் பற்றித்தான். நாங்கள் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவதும் அந்த வாசம் மேலே ஏறட்டும் என்பதற்காகத்தான்.

அடுத்து, கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். நாக்கு சுடும்போது சுவை பிரித்துத் தெரியாது. பாலில்லாத காபியைப் பத்து நிமிஷம் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக ஒருமுறை, நன்றாக ஆறியபின் ஒருமுறை குடியுங்கள். நல்ல காபி ஆற ஆற இனிப்புக் காட்டும். கருக வறுத்தது ஆறினால் சாம்பல் மாதிரி இருக்கும்.

புளிப்பையும் கசப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். வாயில் எச்சில் ஊறினால் புளிப்பு. விழுங்கிய பிறகும் விடாமல் நின்றால் கசப்பு. மூன்றாவதாகத் துவர்ப்பு என்று ஒன்று உண்டு. பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி வாய் வறண்டு பிடித்துக்கொள்ளும். புதிதாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துவர்ப்பைத்தான் கசப்பு என்று நினைத்துக்கொண்டு காபியையே வேண்டாம் என்றுவிடுகிறார்கள். பழுக்காத காயைப் பறித்தாலும் துவர்க்கும், பொடியை அளவுக்கு மீறி ஊறவிட்டாலும் துவர்க்கும்.

புளூபெர்ரியை நீங்கள் சாப்பிட்டு வளரவில்லை என்றால் அந்த வாசத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நார்த்தங்காய், நாவல்பழம், வறுத்த கடலை, வெல்லப்பாகு, ஏலக்காய், மழை பெய்த மண் என்று உங்கள் வீட்டிலிருந்தே பேர் வையுங்கள். போனில் ஒரு வரி குறித்து வைத்தால் போதும்: எந்தக் காபி, எப்படி இருந்தது, இன்னொரு கப் கேட்கத் தோன்றியதா. கொஞ்ச நாளில் அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தாலே உங்கள் ருசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கல்யாணமாகி மல்லேஸ்வரம் வந்திருக்கிறேன். பொடிக்கடையில் "பீபரியா, பிளான்டேஷன் ஏ-வா, சிக்கரி எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் "எல்லாரும் வாங்குவதையே கொடுங்க" என்று வாங்கி வருகிறேன். என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

கடைக்காரர் கேட்பது நல்ல கேள்வி. பதிலை வீட்டில் தேடிக்கொண்டு போவோம்.

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக விளையும். அது பீபரி. பிளான்டேஷன் ஏ என்பது தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா என்ற காபி இனத்தில் பெரிய கொட்டையாகச் சலித்தெடுத்தது. இரண்டுக்கும் நடுவே கடைகளில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வித்தியாசம் தம்ளரில் இருப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆரம்பத்தில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரிய வித்தியாசங்களை முதலில் பாருங்கள்: சிக்கரி உண்டா இல்லையா, அராபிகாவா ரோபஸ்டா என்ற இன்னோர் இனமா, வறுவல் இளசா கருக்கலா.

இப்படிச் செய்யுங்கள். பிளான்டேஷன் ஏ நூறு கிராம், ரோபஸ்டா நூறு கிராம், இரண்டையும் ஒரே பதத்தில் வறுத்து ஒரே மாதிரி அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரி ஐம்பது கிராம் தனியாக வாங்குங்கள். சமையலறைத் தராசில் மொத்தம் இருபது கிராம் வருகிற மாதிரி நீங்களே கலக்கலாம். முதல் நாள் சிக்கரி இல்லாமல், அடுத்து பதினெட்டு கிராம் காபிக்கு இரண்டு கிராம் சிக்கரி, அதற்கடுத்து பதினாறுக்கு நான்கு. பால், சர்க்கரை, தண்ணீர் எதையும் மாற்றக் கூடாது. பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா அளவையும் இதே மாதிரி தனியாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பிடித்தது, எது கெடுத்தது என்று சொல்லவே முடியாது.

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தது. அதில் காஃபின் கிடையாது. தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரையும் என்பதால் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். கருகின வெல்லம் மாதிரி ஓர் இனிப்பும் லேசான கசப்பும் சேரும். அதைக் கலப்படம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கள்ளிச்சொட்டு மாதிரி காபி வேண்டும் என்பவர்களுக்கு அந்தக் கெட்டித்தன்மையைக் கொடுப்பதே சிக்கரிதான். ஆனால் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் காபியின் வாசனை அமுங்கிவிடுகிறது. பாக்கெட் பொடி வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 51-49 என்று போட்ட பாக்கெட்டுகள் கடைகளில் உண்டு. அவற்றைக் குடித்துவிட்டு "எனக்குக் காபி ஒத்துக்கவில்லை" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

உங்கள் கலவை கிடைத்துவிட்டது என்று தோன்றினால் ஒரு சோதனை. வீட்டுக்காரரிடம் மூன்று தம்ளர் கலக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. எது என்று தம்ளருக்கு அடியில் பேனாவால் குறித்து வைக்கட்டும். வேறாக இருப்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் தொழிலில் செய்யும் சோதனையும் இதுதான். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த வித்தியாசத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதன்பின் கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: "பிளான்டேஷன் ஏ எழுபது, ரோபஸ்டா முப்பது, நடுத்தர வறுவல், மொத்தத்தில் சிக்கரி பத்து பர்சென்ட்." எண்கள் உங்களுடையவை.

கேள்வி: ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ரோபஸ்டாதான். அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின், கசப்பு அதிகம், புளிப்பு குறைவு, வாயில் கனம். கவனமில்லாமல் உலர்த்திய ரோபஸ்டா சாக்கு நாற்றம் அடிக்கும், அதனால் வந்த கெட்ட பெயர் இது. கழுவிப் பதப்படுத்திய நல்ல ரோபஸ்டாவைப் பாலோடு குடித்துப் பாருங்கள். பாலுக்குள் காணாமல் போகாமல் நிற்கும்.

கேள்வி: கும்பகோணத்தில் அம்மா வாங்கும் அதே பொடியை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். அந்த ருசி வரவே மாட்டேன் என்கிறது. பெங்களூரு உயரமான ஊர் என்பதால் தண்ணீர் சரியாகக் கொதிப்பதில்லை என்கிறார் கணவர். அதுதான் காரணமா? (வாசகி, அல்சூர்)

அவர் சொல்வதில் பாதி சரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் காபிப் பொடியில் சாறு இறங்க 90-லிருந்து 96 டிகிரி போதும். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் தண்ணீரின் மேல்தான். உங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா? கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் காபியின் புளிப்பை அடித்துவிடும். மிஞ்சுவது சுண்ணாம்பு கலந்த மாதிரி ஒரு சப்பென்ற சுவை. மறுபக்கம், உப்பையெல்லாம் உருவிவிடும் ஆர்ஓ தண்ணீரில் காபி வெறுமையாக இருக்கும். கடையில் ஒரு பாட்டில் குடிதண்ணீர் வாங்குங்கள். அதில் ஒரு டிகாஷன், வீட்டுத் தண்ணீரில் ஒரு டிகாஷன், இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி ருசி பாருங்கள். ஒரே காலையில் விடை தெரிந்துவிடும்.

தண்ணீர் காரணமில்லை என்றால் பாலைப் பாருங்கள். அம்மா கறந்த பாலில் போடுகிறார். நீங்கள் நீல பாக்கெட் நந்தினியில் போடுகிறீர்கள் என்றால் கொழுப்பே வேறு. இன்னொன்று, ஊரிலிருந்து மொத்தமாக அரைத்து வந்து ஒரு மாதம் வைத்துக் குடிக்கிறீர்களா? அரைத்த பொடியின் வாசம் சில நாட்களிலேயே பறக்க ஆரம்பித்துவிடும். பொடியை முகர்ந்து பார்த்தால் தெரியும். அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அதன் காலம் முடிந்தது.

கேள்வி: பால், சர்க்கரை சேர்த்தால் அது காபியே இல்லை என்கிறான் மகன். எனக்கு வயது 68. இனிமேல் கறுப்புக் காபிக்கு மாற வேண்டுமா?

வேண்டாம் ஐயா. நீங்கள் இத்தனை வருஷமாகக் குடிப்பதும் முழுமையான காபிதான். பாலின் கொழுப்பும் இனிப்பும் கசப்பை மட்டுப்படுத்தி, வேறு ஒரு ருசியை உண்டாக்குகின்றன. மகனிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: டிகாஷனில் பால் விடுவதற்கு முன் ஒரு ஸ்பூன். தினமும் அந்த ஒரு ஸ்பூனை நாக்கில் விட்டுப் பார்த்தால் பொடி நல்லதா, பழையதா என்பது உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சர்க்கரையை டாக்டர் சொன்னால் குறையுங்கள்.

கேள்வி: பிஜி ஹாஸ்டலில் இருக்கிறேன். ஃபில்டர், கிரைண்டர் எதுவும் இல்லை. கெட்டில் மட்டும் உண்டு. நானும் ருசி பழக முடியுமா அண்ணா? (கல்லூரி மாணவர்)

தாராளமாக, தம்பி. தரம் பார்க்க நாங்களும் ஃபில்டர் பயன்படுத்துவதில்லை. ஒரு தம்ளரில் எட்டு கிராம் பொடி, அதாவது தலைதட்டிச் சுமாராக நான்கு டீஸ்பூன். கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கிக்கொள். கொதித்த தண்ணீர் 150 மில்லி ஊற்று. நான்கு நிமிஷத்தில் மேலே ஒரு ஏடு கட்டியிருக்கும். ஸ்பூனால் அதை உடைக்கும்போது மூக்கைத் தம்ளர் விளிம்பில் வைத்துக்கொள். அந்த ஒரு நொடியில் வரும் வாசத்தில் பாதிக் கதை இருக்கிறது. நுரையை எடுத்துப் போட்டுவிட்டு, தூள் அடியில் படிந்து ஆறியதும் ஸ்பூனில் உறிஞ்சு. நண்பனோடு பங்கு போட்டு இரண்டு வகை வாங்கினால் செலவும் பாதி. காபி போர்டின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் 'காபி சாஸ்திரா' என்ற பெயரில் வறுப்பதும் வடிப்பதும் பற்றிக் குறுகிய பயிற்சி நடத்துகிறார்கள். ஆர்வம் முற்றினால் விசாரித்துப் பார்.

கேள்வி: எனக்குப் புளிப்பு அறவே ஆகாது. கஃபேக்களில் எதைக் கேட்டாலும் புளிக்கிறது.

இளவறுவலைத் தவிருங்கள். வறுவல் கூடக் கூடப் புளிப்பு குறையும், கசப்பு ஏறும். நடுத்தரத்தைத் தாண்டிய வறுவலாகக் கேளுங்கள். 'மான்சூன்டு மலபார்' கிடைத்தால் அவசியம் குடித்துப் பாருங்கள். மேற்குக் கரையில் மழைக்காலத்தில் பச்சைக் கொட்டையைக் கிடங்கில் பரப்பி, ஈரக்காற்று படவிட்டுப் பதப்படுத்துவார்கள். கொட்டை ஊதி வெளிர் மஞ்சளாகிவிடும், புளிப்பு பெரும்பாலும் போய்விடும். பழத்தோடு உலர்த்திய 'நேச்சுரல்' வகையில் சிலருக்குப் புளித்த பழவாசம் பிடிக்காது, அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். இந்தச் சோதனைகளை நான் செய்யலாமா?

கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்குக் காஃபின் 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. உங்கள் டாக்டர் இன்னும் குறைக்கச் சொன்னால் அதுதான் கணக்கு. ருசி பார்ப்பதற்கு விழுங்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரு நாளில் நிறையக் கோப்பைகள் பார்க்கும்போது உறிஞ்சித் துப்பிவிடுவோம். பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேடித் தேடி ஒரு கலவையைப் பிடித்தேன். ஆறு மாதம் அருமை. இப்போது அதே கடை, அதே அளவு, ருசி மாறிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? (ஜெயநகர்)

அப்படி முடிவுகட்ட வேண்டாம். காபி விளைபொருள். அராபிகா நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பார்கள், ரோபஸ்டா அதற்குப் பிறகு. புதுக்கொட்டை வரும்போதும் பழையது தீரும் நேரத்திலும் ருசி மாறும். மழை முன்னே பின்னே பெய்தாலும் மாறும். கடையில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கொட்டை வேறு இடத்திலிருந்து வருகிறதா, வறுவல் மாறியதா? நல்ல கடைக்காரர் மறைக்காமல் சொல்வார். கூடவே பொடி இல்லாமல் நூறு கிராம் கொட்டையாக வாங்கி நிறத்தைப் பாருங்கள். முன்பைவிடக் கறுத்து எண்ணெய் மினுமினுத்தால் வறுவல் கூடியிருக்கிறது. அடுத்த தடவை ஒரு படி இளசாக வறுக்கச் சொல்லுங்கள்; அது சரிவராவிட்டால்தான் சிக்கரியை ஐந்து பர்சென்ட் மட்டும் ஏற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.