தோட்ட வேலைக்கு நடுவில் கிடைக்கும் ஓய்வு நாளில் பாம்பன் தீவில் என்ன பார்க்கலாம்?

கேள்வி கேட்டவர் மதுரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறார். எப்போதாவது ஒரு நாள், ரெண்டு நாள்தான் லீவு கிடைக்கிறதாம். ராமேஸ்வரம் கோயிலைப் பார்த்தாகிவிட்டது, அதைத் தவிர அந்தத் தீவில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நானும் மண்ணில் வேலை செய்கிற ஆள்தான், வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டம். அதனால் ஒரு தோட்டக்காரன் கண்ணுக்கு அந்தத் தீவில் என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன், மற்றவர்கள் மற்றதைச் சொல்வார்கள்.

முதலில், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று வேன் பேசாதீர்கள். பத்து இடத்தில் இறக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்கள். ஒரு லீவுக்குத் தீவின் ஒரு பக்கம் போதும். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து 170 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் நாலு மணி நேரம், மிச்சத்தை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். பூ ஓடுகிற மாதங்களில் நமக்கு லீவே கிடையாது, மாசி பங்குனியில் மொட்டு எடுக்க ஆரம்பித்தால் மழைக்காலம் வரைக்கும் விடியுமுன் செடிக்குள் நிற்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுகிற வேலை, முடித்த பிறகுதான் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு. நல்லவேளையாக அந்தத் தீவுக்கும் தை மாதம்தான் தோதான மாதம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தனுஷ்கோடி போகிற வழியில் இருக்கிற கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீர்ப் பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதும் அப்போதுதான். 2025ல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தும்விட்டது. ஆனால் தை அமாவாசை, ஆடி அமாவாசை ரெண்டு நாளும் அந்தப் பக்கமே போகாதீர்கள், தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது.

சரி, எங்கே இறங்குவது? பாம்பன் பாலத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது ஒன்றும் இல்லை. பாம்பனிலேயே இறங்கி, 1988ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் திரும்ப நடந்து வாருங்கள். கீழே படகுகள், பக்கத்தில் ரயில் பாலம். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் முன்பெல்லாம் கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் நெம்பி, நடுப்பகுதியை ரெண்டு பக்கமும் தூக்கிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. கப்பல் கடக்கிற நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம் தங்கச்சிமடம். சுற்றுலா வருகிறவர்கள் யாரும் இங்கே இறங்குவதில்லை, எனக்கோ தீவிலேயே பிடித்த இடம் இதுதான். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் தெரியும், பெருமையாகவும் பேசுகிறோம். ஆனால் நம் தோட்டங்களில் நிற்கிற செடிகளுக்கு நாற்று பெரும்பாலும் இந்தத் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மணலிலிருந்துதான் வருகிறது. ரோட்டை விட்டு உள்ளே நடந்தால் தென்னை மரத்து நிழலில் பாத்தி பாத்தியாக நாற்று நிற்கும். ரொம்ப முற்றாத, ரொம்ப இளசும் இல்லாத குச்சியாக வெட்டி, விரல் நுழைய இடமில்லாத அளவுக்கு நெருக்கமாக மணலில் ஊன்றியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றினால் நிற்காது, உடனே கீழே இறங்கிவிடும், அதனால் குச்சி அழுகாமல் வேர் விடுகிறது. பிடுங்குகிற பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ரெண்டு விரலால் அடியில் பிடித்து இழுத்து ஒரு உதறு உதறினால் மணல் மொத்தமும் கொட்டிவிடும், ஒரு சல்லி வேர்கூட அறாமல் நாற்று கையில் வரும். நம் ஊர்க் கரிசலிலோ செம்மண்ணிலோ இப்படிப் பிடுங்கினால் பாதி வேர் மண்ணோடு போய்விடும். நான் மதுரைப் பக்கம் என்று சொன்னதும் அங்கே ஒரு அக்கா, "அப்ப நம்ம பிள்ளைக எல்லாம் உங்க ஊர்லதான் பூத்துக்கிட்டு இருக்குதுகளா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது.

அதே தங்கச்சிமடத்தில் வடக்குக் கடற்கரைக்குப் போனால் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் நடைபாதை போட்டிருப்பார்கள், அதன் முடிவில் கிணறு, சுற்றிலும் உப்புக் கடல், கிணற்றில் குடிக்கிற தண்ணீர். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றியதால் வந்த தண்ணீர் என்பது தல வரலாறு. பேய்க்கரும்பில் இருக்கிற அப்துல் கலாம் நினைவிடமும் அந்த வழியில்தான், 2017ல் திறந்தார்கள், பிள்ளைகளோடு போனால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

தனுஷ்கோடிக்குத் தனியாக ஒரு லீவு வையுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. 2017ல் தீவின் கோடியான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்ட பிறகு எல்லோரும் நேராக முனைக்குப் போய் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் பழைய ஊர்ப் பக்கம் இறங்கி நடங்கள். அரசு வாழத் தகுதியில்லாத இடம் என்று சொன்ன பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள், நம்மைப் போல விவசாயம் பார்க்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

மணலில் சின்னதாக ஒரு ஊற்றுக் குழி, ஆழம் ஒன்றும் இல்லை. அடியில் கலங்காமல் கொஞ்சம் தண்ணீர் ஊறி நிற்கும், அதைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள், வற்றினால் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள், மறுபடி ஊறுகிறது. நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன், உப்பே இல்லை. ரெண்டு பக்கமும் கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது! விஷயம் என்னவென்றால் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலுக்கு மேல் ஆடை மாதிரி படிந்து நிற்கிறது. மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர், ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். நம் ஊரில் போர் வற்றினால் இன்னும் நூறு அடி இறக்கு என்கிறோம். அங்கே ஆசைப்பட்டு ஆழம் போனால் இருக்கிறதும் கெட்டுப்போகும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கிறார்கள். தீவு முழுக்க மோட்டார் போட்டு உறிஞ்சுகிற விடுதிகள் பெருகிக்கொண்டே போவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, நாற்றங்காலும் அந்த ஒரே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தனுஷ்கோடி ரோட்டுக்கு வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே ஆண் கடல். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை தெற்கே கொந்தளிக்கும், வடக்கே குளம் போலக் கிடக்கும், வாடைக்காற்றில் இது அப்படியே மாறிவிடும். எது அமைதியாக இருந்தாலும் அரிச்சல்முனையில் மட்டும் இறங்காதீர்கள், ரெண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் காலைப் பறித்துவிடும். பவளப்பாறைத் துண்டு கிடந்தால் எடுக்கவும் வேண்டாம், விற்கிறவர்களிடம் வாங்கவும் வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 குட்டித் தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கெல்லாம் நம் இஷ்டத்துக்குப் படகு பேசிப் போக முடியாது, கூட்டிப்போகிறேன் என்று யாராவது கிசுகிசுத்தால் நம்பாதீர்கள்.

நடக்கிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கோதண்டராமர் கோயில் திருப்பம் தாண்டினால் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கால் புதைகிற மணலில் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அலை நனைத்த ஓரமாக நடங்கள். இருட்டுவதற்குள் தனுஷ்கோடியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், போலீஸே அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் ராமேஸ்வரத்தில் பஸ் ஏறினால் நடுராத்திரிக்கு முன்னால் மதுரை விரகனூர் ரவுண்டானாவில் இறங்கிவிடலாம், மறுநாள் வேலைக்கும் போய்விடலாம்.

தையில் போகும்போதே நாற்றங்காலில் பேசி, பிடித்த பாத்தியைப் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள். நடவு ஆனி ஆடியில்தானே, அப்போது போய் எடுத்துக்கொள்ளலாம். கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் மேலே போடாமல் காலடியில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் சாயங்காலமே நட்டுவிடுங்கள்.