பெயர் ஏறியிருக்கிறதா? படைவீரர் குடும்பங்களின் மாற்றுத்திறன் பிள்ளைகள் குறித்துக் கேள்வி பதில்

(பதிலளிப்பவர் தரைப்படையின் ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: என் கணவர் ஹவில்தார். நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம். இப்போது கணவருக்கு எல்லைப் பகுதிக்கு மாறுதல் வந்திருக்கிறது. நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அம்மா, முதலில் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவக் குழுவின் சான்றையும் தனித்துவ அடையாள அட்டையையும் பெற்றபின், அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், உங்கள் கணவர் தம் யூனிட் அலுவலகத்தில் கொடுத்து, குடும்ப விவர மாற்றங்களைப் பதிவுசெய்ய யூனிட் வெளியிடும் 'பார்ட் டூ ஆர்டர்' வழியாகத் தம் பணி ஆவணத்தில் பதியச் செய்ய வேண்டும். அடுத்தது பள்ளி. படைவீரர் மனைவியர் நலச் சங்கம் பல ராணுவக் குடியிருப்புகளில் ஆஷா என்ற சிறப்புப் பள்ளிகளை நடத்துகிறது. கடற்படையினருக்கு சங்கல்ப் என்ற சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அத்தகைய பள்ளியும் சிகிச்சையும் உள்ள இடத்துக்குக் கருணை அடிப்படையில் மாறுதல் கேட்கலாம். அந்த மனுவில் "மகனுக்கு உடல்நலமில்லை" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் உறங்கும். வாரத்துக்கு எத்தனை முறை என்ன பயிற்சி தேவை, அது எந்த ஊரில் கிடைக்கிறது என்பதை மருத்துவர் கையொப்பத்துடன் இணைத்தால் பேச இடமிருக்கும். கல்வி உதவித்தொகையும் இத்தகைய பிள்ளைக்கு இரு மடங்கு என்பதைப் பலர் அறியாமல் பாதியையே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்களுக்குப் பிறகு இவனுக்கு ஓய்வூதியம் உண்டா?

பதில்: உண்டு, வாழ்நாள் முழுவதும். தந்தைக்குப் பின் தாய்க்கும், தாய்க்குப் பின் 25 வயது நிறையாத பிற பிள்ளைகளுக்கும், அதன் பின் சொந்தமாகப் பிழைக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்கும் குடும்ப ஓய்வூதியம் செல்லும். அவன் பெயர் உங்கள் ஓய்வூதிய ஆணையில் ஏறியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். படையினரின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷிலேயே பார்க்கலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேள்வி: மகளுக்குச் சிறு வருமானம் இருக்கிறது. ஓய்வூதியம் நின்றுவிடுமா?

பதில்: முன்பு வரம்பு மாதம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும். 2021 பிப்ரவரி 8 முதல், பிள்ளையின் மொத்த வருமானம் அவருக்குக் கிடைக்கக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிட, அதாவது பெற்றோரின் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு மற்றும் அகவிலை நிவாரணத்தைவிட, குறைவாக இருந்தால் போதும்.

கேள்வி: ஐயா, வருமான வரம்பு 9,000 தானே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆவணத்தில் ஏற்றுவது பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துவதாகாதா? எனக்கு இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நாளை அவளுக்கு வரன் தேட வேண்டும்.

பதில்: தம்பி, பணி ஆவணத்தை எடுத்துப் படித்துப் பார்த்து யாரும் பெண் கேட்க வருவதில்லை.

கேள்வி (வேறொருவர்): அவர் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். ராணுவக் குடியிருப்பில் எழுத்தர் அறையில் சொன்னது மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

பதில்: நியாயமான கண்டனம், அந்த அறையில் நானும் இருந்தவன், அங்கே கதவு மூடுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஒன்றை எடைபோடுங்கள். ஊர் பேசுவது சில ஆண்டுகள். பெயர் ஏறாததால் வரும் அலைச்சல் பெற்றோர் இருவரும் போன பிறகு, தனக்காகப் பேச இயலாத பிள்ளைக்கும், நீங்கள் எந்தப் பெண்ணுக்காக மறைக்கிறீர்களோ அவளுக்கும்தான் வந்து சேரும். அக்காவின் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறப்போவது அவள்தான்.

கேள்வி: பாதுகாவலர் சான்றுக்கு நீதிமன்றம் போக வேண்டுமா?

பதில்: ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். இந்த நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடும் உண்டு. மனநோய் இச்சட்டத்தில் வராது.

கேள்வி: மகனுக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணனும் அண்ணியும் காலமாகிவிட்டார்கள். அவர்கள் மகள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. வழி அடைத்துவிட்டதா?

பதில்: இல்லை, ஆனால் குறைபாடு பெற்றோர் காலத்திலேயே இருந்தது என்று நிறுவுவது இனி உங்கள் பொறுப்பு. அவர்கள் உயிருடன் இருந்தபோது வாங்கிய மருத்துவமனைச் சீட்டுகள், சிறப்புப் பள்ளியின் சேர்க்கைப் பதிவு, தேதியுள்ள பழைய அறிக்கைகள் எதையும் எறியாதீர்கள். புதிய சான்றிதழ் வாங்கும்போது, இப்பழைய தாள்களை மருத்துவக் குழுவின் முன் வைத்து, குறைபாடு எப்போதிலிருந்து இருக்கிறது என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆவண அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.