மெருகு போடாத நத்தை

வணக்கம்.

கோவையில் அப்பாவின் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆங்லர் மீன், வாம்பயர் கணவாய், ஜெல்லிமீன் வடிவங்களில் பதக்கமும் தோடும் செய்து, ‘ஆழ்கடலைக் காப்போம்’ என்று அட்டை வைத்து விற்கிறேன். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர், “வெள்ளியே மண்ணைத் தோண்டி எடுக்கிறதுதானே, இதுல எந்தக் கடலைக் காப்பாத்துறே?” என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. நான் செய்வது வெறும் வியாபாரம்தானா?

– கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தொழில்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லியோபோல்ட் பிளாஷ்கா, பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) நகையும் கண்ணாடிப் பொருள்களும் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1853-ல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், காற்று விழுந்துபோய் அட்லாண்டிக் நடுவே கப்பல் நின்றுவிட்டது. அந்த நாட்களில் இரவுக் கடலில் ஒளிவிட்டு மிதந்த உயிர்களைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தார். பின்னாளில் அவரும் மகன் ருடால்ஃபும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜெல்லிமீன், கடல் சாமந்தி, கணவாய் என்று ஆயிரக்கணக்கில் கண்ணாடியில் செய்து உலகெங்கும் அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். கெடாமலிருக்கச் சாராயத்தில் ஊறவைத்தால் நிறமிழந்து துவண்டுவிடுகிற உயிர்கள் அவை. கடலுக்குள் இறங்கியே இராத மாணவர்கள் இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அவற்றின் நிறத்தை அறிந்தார்கள். உங்கள் வேலையை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கறாராகச் சொல்வேன்: பவளம் சேர்க்காதீர்கள். செவ்வாய்க்குப் பவளம் என்று விரலில் போட்டுக்கொள்கிறோம். முசிறித் துறைக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளமும் உண்டு என்று ‘பெரிப்ளூஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. அவ்வளவு பழைய ஆசை. ஆனால் அந்தச் செம்பவளம், மத்தியதரைக் கடலில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காத உயிர்க்கூட்டத்தின் எலும்பு. ஒரு மணிக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன.

இப்போது வெள்ளிக்கு வருவோம். நம் இந்தியப் பெருங்கடலின் அடியில், சுமார் 2,400 மீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகள் சிலவற்றில் ஒரு நத்தை வாழ்கிறது. வேறெந்தக் கடலிலும் அதைக் கண்டதில்லை. 2001-ல்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் காலைச் சுற்றி, ஓட்டுவீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள். அந்தச் செதில்களிலும் ஓட்டின் மேற்பூச்சிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கிறது. இரும்புக் கவசம் தரித்த உயிர்! அது இரைதேடி அலைவதும் இல்லை. தொண்டையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சமைத்துப் போடுகின்றன.

அதே ஊற்றுகளைச் சுற்றித்தான் செம்பும் துத்தநாகமும் தங்கமும் வெள்ளியும் படிகின்றன. அவற்றை எடுக்க நாடுகள் வரிசையில் நிற்கின்றன. இந்தியாவும் 2016-ல் இந்தப் பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டரில் தேடிப்பார்க்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2019-ல் அந்த நத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில், அழியும் நிலையில் உள்ள உயிராக ஏறியது. ஆழ்கடல் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் உயிர் அதுதான்.

ஆகவே உங்கள் வாடிக்கையாளர் தெரிந்தோ தெரியாமலோ சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். எனக்குத் தோன்றுகிற வழி இது: பழைய வெள்ளி மட்டும் வாங்குங்கள். நம் வீடுகளில் திருகாணி தொலைந்த கொலுசும், நெளிந்த குங்குமச்சிமிழும், பிள்ளைக்கு இடுப்பில் கட்டிய அரைஞாணும் பீரோவில் சும்மாதானே கிடக்கின்றன? அதைக் கொண்டுவருகிறவர்களுக்குக் கூலி மட்டும் வாங்கிச் செய்துகொடுங்கள். அட்டையில் ‘காப்போம்’ என்பதை எடுத்துவிடுங்கள்; எவரும் எதன்மேலும் எழுதிவிடக்கூடிய சொல் அது. உயிரின் பெயர், வாழும் கடல், எத்தனை மீட்டர் ஆழம், அதற்கு என்ன ஆபத்து, இந்த வெள்ளி முன்பு என்னவாக இருந்தது – இவை போதும்.

அந்த நத்தையை ஒரு பதக்கமாகச் செய்து பாருங்களேன். செதில்களைத் தனித்தனியாக வெட்டிப் பற்றவையுங்கள். ஒரே வார்ப்பில் எடுத்தால் அந்த அடுக்கு வராது. மெருகு போடாதீர்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடலடியில் அந்த நத்தையின் இரும்பைக் கறுக்க வைத்திருப்பதும் கந்தகம்தான். செய்து முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். எங்கள் வீட்டிலும் ஒற்றைக் கொலுசு ஒன்று இருக்கிறது.

அன்புடன்.