நான்கு நாள் ஆளுமை வளர்ச்சி முகாமுக்கு 25,000 ரூபாய் கட்டிப் போகலாமா?

நண்பர் ஒருவர் நான்கு நாள் தங்கிப் படிக்கும் ஆளுமை வளர்ச்சி முகாமுக்குக் கூப்பிடுகிறார், கட்டணம் 25,000 ரூபாய், போனால் வாழ்க்கை மாறுமா, பணம்தான் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் அங்கே இருக்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த வகுப்புக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆன பிறகு யோசியுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். குடியிருப்பது வேலூர் சத்துவாச்சாரி. 2018-ல் இப்படி ஒரு முகாமுக்கு ஏலகிரி போனேன். எண்பது பேர் இருந்தோம். போனதும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி பத்து, பத்தரை ஆகும். ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை போட்டிருந்ததால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் தன் கதையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் மதியம்வரை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு அம்மா எழுந்து, இறந்துபோன மகனைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு கூடத்தில் அழாதவர்கள் குறைவு.

இரண்டாம் நாள் ராத்திரி போனைத் திருப்பிக் கொடுத்து, "யாரோடு பேச்சு நின்று போயிருக்கிறதோ அவருக்கு இப்போதே பேசுங்கள்" என்றார் பயிற்சியாளர். எனக்கும் என் அண்ணனுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் நிலம், அதற்கு ஒரே கிணறு. பாகம் பிரித்தபோது தண்ணீர் முறை யாருக்கு எத்தனை நாள் என்பதில் வந்த சண்டை. அப்பா காரியத்தில்கூட ஒரே பந்தியில் உட்காரவில்லை. அன்றைக்கு ராத்திரி சிக்னல் கிடைக்காமல், விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இன்னாடா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

அந்த நேரத்தில் என்னிடமிருந்து போன் வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவர் மனசுக்குத் தோன்றியிருக்கிறது. "ஒண்ணும் இல்லண்ணா, சும்மாதான்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவரும் பேசவில்லை. அவர் பக்கத்தில் மாடு கழுத்து மணியை ஆட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

இன்றைக்கு வரை நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த ஒரு போனுக்காக அந்த முகாமுக்கு நான் கடன்பட்டவன். யார் கேட்டாலும் இதை மறைக்க மாட்டேன். ஆனால் கிணற்றுச் சண்டை அந்தப் போனில் தீரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போனேன். அண்ணி சோறு போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். மூன்று நாளுக்கு ஒரு முறை என்று பேசி, கிணற்றுச் செலவைச் சமமாகப் பிரித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டோம். கதவைத் திறந்துவிட்டது முகாம். உள்ளே போய் வேலை செய்ய வேண்டியிருந்தது நாங்கள்தான்.

நான்காம் நாள் சாயங்காலம்தான் வியாபாரம் தொடங்கியது. அடுத்த கட்டத்துக்கு 48,000 ரூபாய், இன்றைக்கே பதிவு செய்தால் பத்தாயிரம் தள்ளுபடி. கூடத்தின் ஓரத்தில் மேசை போட்டு, கார்டு தேய்க்கும் மெஷினோடு வாலன்டியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு நாள் தூக்கம் குறைந்து, அழுது தீர்த்து, முன்பின் தெரியாத எண்பது பேரைக் கட்டிப்பிடித்த பிறகு மனசு பஞ்சுபோல இருக்கும். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லத் தோன்றும். பக்கத்திலிருந்த ஒருவர், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். "பார்த்தீர்களா, உங்கள் பழைய பயம் பேசுகிறது" என்று பதில் வந்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்வதையே குறை என்று ஆக்கிவிட்டால், அப்புறம் ஒரு மனிதன் எப்படி வேண்டாம் என்று சொல்வான்?

இந்த வடிவம் புதுசு இல்லை. 1971-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் தொடங்கிய 'எஸ்ட்' என்ற பயிற்சிதான் இதைப் பெரிதாகப் பரப்பியது. இரண்டு வார இறுதிகள், சுமார் 60 மணி நேரம், பெரிய கூடம், மைக், கண்ணீர் எல்லாம் அப்போதே உண்டு. அதன் வழியில் வந்த ஒரு பயிற்சியை உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 1989-ல் கட்டுரை வெளியிட்டார்கள். போனவர்களையும், அவர்களைப் போலவே இருந்து போகாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து, 'என் வாழ்க்கை என் கையில்தான் இருக்கிறது' என்ற எண்ணம் போனவர்களுக்குக் கூடியிருந்தது. மற்றபடி பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அளந்தபோது அந்த ஒன்றும் நிற்கவில்லை. நான் அடித்துச் சொல்வதும் இதைத்தான்: அந்த நாலாவது நாள் உணர்வு பொய் இல்லை, ஆனால் அது தங்காது. தங்கியிருக்கும் சில வாரத்துக்குள் ஒரு உருப்படியான வேலையை முடித்துக்கொண்டால் லாபம்.

நஷ்டம் பணத்தோடு நின்றால் பரவாயில்லை. என் அறையில் தங்கியிருந்தவர் ஆம்பூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து அவர் தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை என்னை எழுப்பி, உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனிகளுக்கும் தன்னிடம் திட்டம் இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினார். கண் பளபளவென்று இருந்தது. வாலன்டியரிடம் சொன்னேன். "அவருக்கு பிரேக்த்ரூ வருகிறது, தடுக்காதீர்கள்" என்றார். பெரிய மனமாற்றத்துக்கு அங்கே அப்படிப் பெயர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. வீட்டுக்குப் போன வாரத்திலேயே அவர் மனைவி அவரைப் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவார்கள். குடும்பத்தை விலக்கி வைத்த இடத்தில் கெட்டது, குடும்பத்தோடு இருந்த இடத்தில் தேறியது. ஆகவே உங்களுக்கோ உங்கள் ரத்த சொந்தத்திலோ மனநோய் இருந்திருந்தால், தூக்கம் கெடும் இந்த மாதிரி முகாமுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். மனசு சரியில்லை என்பதுதான் நீங்கள் போக நினைக்கும் காரணம் என்றால், முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416-க்கு போன் செய்தால் அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் இலவசமாகவே பேசலாம்.

சில பயிற்சிகளில் ராத்திரியில் நெருப்பு மிதிக்க வைக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் டோனி ராபின்ஸ் என்ற ஊக்கப் பேச்சாளர் நடத்திய நிகழ்ச்சியில் அப்படி மிதித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் வெந்தது. நம் பக்கத்து ஆளுக்கு நெருப்பு மிதிப்பது அதிசயமா? எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழா நடந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. மிதிப்பவர் காப்புக் கட்டி, நாள்கணக்கில் விரதம் இருந்து, மஞ்சள் துணி உடுத்தி இறங்குவார். சாம்பல் படிந்த தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கால் படும் நேரமும் குறைவு, அதனால் வேகமாக நடந்தால் பெரும்பாலும் சுடாது. அறிவியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். என் அண்ணன் மூன்று தடவை மிதித்திருக்கிறார். மறுநாள் அதே தெருவில், அதே ஆட்கள் நடுவில் ஏர் கலப்பையோடு நின்றார். அடுத்த கட்டத் தீமிதிக்கு யாரும் அவரிடம் பணம் கேட்கவில்லை. முன்னால் விரதமும் பின்னால் ஊரும் இருந்ததால் அந்த அனுபவம் அவருக்குள் ஒரு இடத்தில் அமர்ந்தது. முகாமில் இந்த இரண்டும் கிடையாது.

வேகம் குறைந்த வழியும் இருக்கிறது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் அகத்தாய்வு என்று சொல்லித்தருவார்கள். எண்ணம், ஆசை, சினம், கவலை என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கும் பயிற்சி. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குக் கட்டணமே இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். அதுவும் கடினம்தான், ஆனால் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் மீறிப் போவதென்றால், கட்டுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதியில் கிளம்பினால் பணம் எவ்வளவு திரும்பும், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா தனியா, ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீது கிடைக்குமா, ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், வீட்டுக்குப் பேசலாமா. தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்தக் காகிதம்தான் பேசும். ஏடிஎம் கார்டை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள்.

உங்களைக் கூப்பிடும் நண்பரையும் தப்பாக நினைக்காதீர்கள். அவர் உண்மையாகவே உங்கள் நன்மையை நினைக்கிறார். நானும் அப்படித்தான் இருந்தேன். திரும்பி வந்த மூன்று மாதத்தில் நாலு பேரைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒருவர் என் தங்கை வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறவர். "மாப்ளே, என்னை நம்பி வாங்க" என்றேன். என்னை நம்பித்தான் வந்தார். நாலாம் நாள் சாயங்காலம் அந்த மேசையில் முன்பணம் கட்டிவிட்டு, மீதிக்குத் தங்கையின் இரண்டு சவரன் செயினை அடகு வைத்தார். அடுத்த கட்டத்துக்கும் போய் வந்தார். ஆட்டோ வருமானம் அப்படியேதான் இருந்தது, வட்டி ஏறியது. தங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன தை மாதம்தான் செயினை மீட்டோம். அசலில் பாதியையும் வட்டி முழுவதையும் நான் கட்டினேன். மீதியை அண்ணன் கொடுத்தார்.