ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி விளையாடும்) கேம்களில் காதல் துணையைக் கொடுமைப்படுத்தும் தேர்வுகள் இருக்கலாமா?

இருக்கலாம். அந்தத் தேர்வை கேம் எப்படிக் கணக்கில் வைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பல கேம்களில் காதல் வெறும் பாயிண்ட் சேர்க்கும் வேலை. 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' (2009) கேமில் துணைப் பாத்திரத்தை வாய்க்கு வந்தபடி பேசி அப்ரூவல் (நம்மை அது எவ்வளவு விரும்புகிறது என்ற மதிப்பெண்) இறங்கினாலும், பரிசு கொடுத்துக் கொடுத்து ஏற்றிவிடலாம். திட்டு, பிறகு நகை கொடு. நிஜ வாழ்க்கையில் கொடுமைக்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் கேம் அதைக் கண்டுகொள்வதில்லை.

'பால்டர்ஸ் கேட் 3' (2023) இன்னும் கூர்மையானது. அதில் நீங்கள் காதலிக்கக்கூடிய ரத்தக்காட்டேரியான ஆஸ்டாரியன், 200 ஆண்டுகள் அடிமையாக இருந்து, எஜமானுக்காகத் தன் உடலைத் தூண்டிலாக்கி ஆட்களை இழுத்து வந்தவன். அராஜ் என்பவள் தன்னைக் கடிக்கச் சொல்கிறாள், அவன் மறுக்கிறான். நீங்கள் நெருக்கிக் கடிக்க வைத்தால், உங்கள் பலத்தை நிரந்தரமாக 2 கூட்டும் மருந்து கிடைக்கும். லாபம் உங்களுக்கு, அருவருப்பு அவனுக்கு. மறுப்பை மதித்தால் பிறகு நன்றி சொல்கிறான். நெருக்கினால் காதலே முறியலாம். தப்பான தேர்வுக்குத்தான் பரிசு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! அதனால்தான் அந்தக் காட்சி உறைக்கிறது.

"பாத்திரத்துக்கு வலிக்கவா போகிறது?" என்பார்கள். வலிக்காதுதான். ஆனால் விளையாடுபவரின் சம்மதம் என்று ஒன்றும் இருக்கிறது. நிர்வாணத்தை மறைக்க செட்டிங் தரும் 'பால்டர்ஸ் கேட் 3', வற்புறுத்தல் காட்சிகளைத் தாண்டிச் செல்ல அப்படி ஒன்று தருவதில்லை. என்னைக் கேட்டால், முதலில் வர வேண்டியது அதுதான்.